கண்ணாடி யாருடையது?

சான் பிரான்சிஸ்கோவில் சாலையோரம் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கையில் ஒரு கைத்துண்டைக்கூட விட்டுவைக்கக் கூடாது என்பது அந்நகரின் எழுதப்படாத விதி. என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் அதை மறந்துவிட்டார். இருக்கையில் ஒரு பழைய தோல்பை. அதற்குள் இரண்டு நூலகப் புத்தகங்கள். அந்தப் பைக்காக யாரோ ஒருவன் காரின் கதவுக் கண்ணாடியை உடைத்தான். அவனுக்குச் சில விநாடிகள் ஆகியிருக்கும். அதே இடத்தில் இன்னொரு கண்ணாடி ஏறி நிற்பதற்கு ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களும் எனக்குள் எழுப்பிய ஒரு கேள்வியே இக்கட்டுரை: ஒரு பொருளைப் பழுதுபார்க்க முடியாதவன் அதன் உரிமையாளன்தானா?

அவருடைய கார் அபூர்வமானது. ஐரோப்பாவில் சில ஆயிரங்களே செய்யப்பட்ட, துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவைக்கும், இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். உடனே அவரை ஒரு செல்வந்தர் என்று எண்ணிவிட வேண்டியதில்லை. வாழ்நாளெல்லாம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்து ஓய்வுபெற்றவர். விபத்தில் நசுங்கி, இன்சூரன்ஸ் நிறுவனம் கைகழுவிய வண்டியை ஏலத்தில் எடுத்து, ஆறு ஆண்டுகள் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்து உயிர்ப்பித்தவர். அந்தக் காரில் அவர் கைபடாத திருகு அநேகமாக ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு கண்ணாடித் தகட்டின் முன் செயலற்று நின்றதைத்தான் நான் பார்த்தேன்.

ஒரு காரின் அபூர்வத்தை அதன் எஞ்சினை வைத்து அளப்பது நம் வழக்கம். உண்மையில் அதை அளக்கவேண்டியது கண்ணாடியை வைத்துத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. விலையுயர்ந்த சிறுதொகைக் கார்கள் பலவும் தம் உறுப்புகளைச் சாதாரணக் கார்களிடம் கடன் வாங்கியவையே. 1990களின் தொடக்கத்தில் உலகின் அதிவேகக் கார்களில் ஒன்றாக இருந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே. 220, பின்விளக்குகளை ரோவர் 200 என்ற குடும்பக் காரிடமிருந்து பெற்றது. விளக்கு உடைந்தால் ரோவரின் விளக்கைத் தேடிப் போகலாம். உலோக உறுப்புகளுக்கும் இன்று வழி பிறந்திருக்கிறது. 292 மட்டுமே செய்யப்பட்ட போர்ஷே 959 காரின் கிளட்ச் நெம்புகோலை முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்குவதாக அந்நிறுவனம் 2018இல் அறிவித்தது. ஆனால் கதவுக் கண்ணாடியைக் கடன் வாங்க முடியாது. அதன் வளைவு அந்தக் கதவுக்கே உரியது. வேறெந்தக் கதவிலும் அது பொருந்தாது, வேறெதுவும் அந்தக் கதவில் பொருந்தாது.

சரி, ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்து வெட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அவர் சிரித்தார். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் கடினப்படுத்தப்பட்ட கண்ணாடி. அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சி வேகமாகக் குளிர்விக்கிறார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகு மெல்லக் குளிர்ந்து சுருங்கி வெளிப்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. இந்த இழுபறிதான் அதன் வலிமை. அதுவே அதன் பிடிவாதமும்கூட. இறுகிய பிறகு அதை வெட்டவோ, துளையிடவோ முடியாது. முயன்றால் முழுத் தகடும் ஒரே கணத்தில் கல்கண்டாக நொறுங்கும். ஆகவே அளவு, வளைவு, போல்ட் துளைகள் எல்லாம் உலைக்குப் போகுமுன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்கென அச்சு வேண்டும். சில ஆயிரம் கார்களுக்காக அச்சைப் பூட்டிக் கண்ணாடி செய்த தொழிற்சாலை, பிறகு அந்த அச்சைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. 120 திறந்த காரின் கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடியே கிடையாது. 1954இன் போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரிலும் மழை வந்தால் கழற்றி மாட்டும் பக்கத்திரைகள்தான். 1961இல் டிரையம்ஃப் டி.ஆர். 4 கைப்பிடியைச் சுழற்றி ஏற்றும் கண்ணாடியோடு வந்தபோது அது ஒரு சொகுசாகக் கருதப்பட்டது. 1992இல்கூட அமெரிக்காவின் டாட்ஜ் வைப்பர் ஆர்.டி. 10 கதவில் கண்ணாடி இல்லாமல், ஜிப் வைத்த பிளாஸ்டிக் திரைகளோடு விற்பனைக்கு வந்தது. பக்கத்திரை கிழிந்தால் அதை ஒரு தையற்காரர் தைத்துவிடுவார். கண்ணாடி வந்ததும் சொகுசு வந்தது. கூடவே சார்பும் வந்தது.

என் நண்பர் முதலில் அந்தக் காரின் அதிகாரபூர்வ விற்பனையாளரை அணுகினார். கண்ணாடியை மட்டும் தனியாகத் தர இயலாது, அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வாங்கினாலும் அவர்களுடைய பட்டறையிலேயே பொருத்த வேண்டும். ஏனெனில் கண்ணாடியின் நிலையைக் காருக்குக் கற்பிக்க அவர்களுடைய கணினி தேவை. மொத்தச் செலவு அவர் ஏலத்தில் காருக்குக் கொடுத்த தொகையில் கணிசமான பங்கு. அவர் பேசாமல் திரும்பி வந்தார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. காரின் மேல் தார்ப்பாய் ஏறியது.

அன்று மாலை அவர் எனக்கு மற்றக் கதவின் கண்ணாடியைக் காட்டினார். கீழ்மூலையில் நகத்தளவுக்கு ஒரு முத்திரை. வாகனக் கண்ணாடிகளின் பாதுகாப்பு குறித்த ஐ.நா.வின் 43ஆம் விதிப்படி அங்கீகரிக்கப்பட்டதற்கான குறியீடும், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் எண்ணும், கண்ணாடியைச் செய்த நிறுவனத்தின் பெயரும் அதில் இருந்தன. கார் நிறுவனம் அந்தக் கண்ணாடியைச் செய்யவில்லை. உலகின் பெரும்பாலான கார் நிறுவனங்களைப்போல அதுவும் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றிடம் சொல்லிச் செய்துவாங்கி, தன் பெட்டியில் வைத்து விற்கிறது. “பெட்டிக்குத்தான் இந்த விலை” என்றார் அவர். அந்தக் குரலில் கோபம் இல்லை. தொழிலாளிக்கு இன்னொரு தொழிலாளியின் முத்திரையைப் பார்க்கையில் வரும் ஒருவித நெருக்கம்தான் இருந்தது.

கடைசியில் வேறொரு மாநிலத்தில், பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் கண்ணாடி கிடைத்தது. ஓரத்தில் சிறு கீறல். ஒரு சனிக்கிழமை காலை நான் கை கொடுக்கப் போனேன்.

கதவின் உட்பலகையைக் கழற்றுவது பொறுமையின் வேலை. கைப்பிடிக்குள் ஒரு திருகு, விளக்குக்குப் பின்னால் இன்னொன்று, பிறகு ஓரமெங்கும் பிளாஸ்டிக் கொக்கிகள். அதற்கடியில் ஈரம் புகாமல் ஒட்டிய தாள். அதையும் கிழியாமல் உரித்த பிறகு கதவின் வயிறு தெரிந்தது. உள்ளே கல்கண்டுக் குவியல். அவற்றை உறிஞ்சி எடுக்கவே ஒரு மணி நேரம். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது ரெகுலேட்டரின் கம்பிவடத்தில் சிக்கலாம், அல்லது கதவின் அடியிலுள்ள வடிகால் துளையை அடைக்கலாம். துளை அடைத்தால் நீர் தேங்கும்; நீர் தேங்கினால் துரு. கண்ணாடியை இறக்கி இரண்டு போல்ட்டுகளில் நிறுத்தியது பத்து நிமிட வேலைதான்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. சாதாரணக் காரில் கதவுக்கு மேல் ஒரு சட்டம் இருக்கும்; கண்ணாடி அதன் பள்ளத்தில் வழுக்கி ஏறி அடங்கிவிடும். கூரை மடங்கும் காரில் அந்தச் சட்டம் கிடையாது. கண்ணாடி வெட்டவெளியில் தனியாக நின்று, துணிக்கூரையின் ரப்பர் பீடிங்கைச் சரியான அழுத்தத்தில் தானே தேடித் தொடவேண்டும். உயரம், முன்பின் நகர்வு, உள்நோக்கிய சாய்வு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பாதிப்பவை. கதவின் அடியில் ஒரு போல்ட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் மேல்விளிம்பு சில மில்லிமீட்டர்கள் நகர்கிறது. சாய்வு குறைந்தால் வேகத்தில் காற்று சீழ்க்கையடிக்கும், மழை உள்ளே வரும். கூடினால் கதவை மூடும்போது கண்ணாடி பீடிங்கில் மோதும்.

அவரிடம் இதற்கு எந்தக் கருவியும் இல்லை. ஒரு டாலர் நோட்டை எடுத்துப் பீடிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் இறுக்கமாக வந்தது. இரண்டு விரற்கடை தள்ளி வழுக்கிக்கொண்டு வந்தது. போல்ட்டைத் தளர்த்தினார், முழங்கையால் கண்ணாடியை ஒரு நூல் தள்ளினார், முடுக்கினார், மீண்டும் நோட்டு. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. மதியம் கடந்தது. எந்தக் கணினியும் அந்த வேலையைச் செய்ய முடியாது. விற்பனையாளரின் பட்டறையிலும் அதை ஒரு மனிதர் விரல்களால்தான் செய்திருப்பார்.

அப்படியானால் கணினி எதற்கு? இவ்வகைக் கார்கள் பலவற்றில் கதவுக் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கிப் பீடிங்கிலிருந்து விடுபடுகிறது. கதவை மூடியதும் ஏறிக்கொள்கிறது. புதுக் கண்ணாடியின் மேலெல்லையும் கீழெல்லையும் எவை என்று மோட்டாருக்குச் சொல்லியாக வேண்டும். அதைத்தான் தங்களால் மட்டுமே சொல்ல முடியும் என்றார்கள். அவர் ஒரு பழைய தொழிற்சாலைக் கையேட்டைத் தேடிப் பிடித்திருந்தார். அதில் ஒரு பத்தி: கண்ணாடியை முழுதும் இறக்கி, சுவிட்சைச் சில விநாடிகள் அழுத்திப் பிடி, முழுதும் ஏற்றி, மீண்டும் அழுத்திப் பிடி. அவ்வளவுதான். ஏழு வாரங்களைப் பூட்டி வைத்திருந்தவற்றில் ஒன்று அந்த ஒரு பத்தி.

இங்கேதான் என் கருத்து. கண்ணாடி அரிதாக இருப்பது இயற்கையின் கட்டாயம். உலையும் அச்சும் இல்லாமல் அது பிறக்காது. அந்தப் பத்தி அரிதாக இருப்பதற்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. அது மறைத்துவைக்கப்பட்டதால் அரிதானது. முதல் அருமையை நாம் மதிக்கலாம். இரண்டாவதற்குப் பணியவேண்டிய அவசியமில்லை.

பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளுக்காக ஏன் இத்தனை பரிவு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அபூர்வமான பொருள் ஒரு பூதக்கண்ணாடி. சாதாரணப் பொருள்களில் மங்கலாகத் தெரிவது அதில் பெரிதாகத் தெரிகிறது. கண்ணாடியோடு ரெகுலேட்டரையும் வாங்கு, எங்கள் கணினியிடம் வா என்ற அதே சொற்கள் இன்று டிராக்டருக்கும் கைபேசிக்கும் சொல்லப்படுகின்றன. மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இலும் 2020இலும் இருமுறை வாக்களித்து, காரின் பழுதறியும் தகவல்கள் வெளிப்பட்டறைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் அபூர்வக் கார்கள் அல்ல, அன்றாடக் கார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இன் இறுதியில், பழைய தோற்றத்தை மீட்கும் பழுதுபார்ப்புக்கான உதிரி உறுப்புகளை வடிவமைப்பு உரிமையைக் காட்டித் தடுக்கலாகாது என்று சட்டம் செய்தது. பழைய பாதுகாப்பு நடப்பிலிருக்கும் நாடுகள் 2032 வரை அதைத் தொடரலாம் என்ற சலுகையோடு. நல்ல தொடக்கம்தான், ஆனால் அச்சே இல்லாத கண்ணாடிக்கு உரிமை மட்டும் போதாது. உற்பத்தியை நிறுத்தும் நாளில் அச்சின் அளவுகளையும் கையேட்டையும் பொதுவில் வைக்கும் கடமையையும் நிறுவனங்கள் ஏற்கவேண்டும்.

இன்னொரு வாதம் பாதுகாப்பு. கண்ணாடி உயிரைக் காக்கும் உறுப்பு, கண்டவர் கைபடக் கூடாது என்கிறார்கள். கண்ணாடியின் தரத்தை விதிகள் காக்கின்றன. அந்த நகத்தளவு முத்திரை அதற்கான சாட்சி. அதைப் பொருத்துகிறவனுக்குச் செய்முறையை மறைப்பதால் யாருடைய பாதுகாப்பும் கூடுவதில்லை. தெரியாமல் செய்யும் வேலைதான் ஆபத்தானது. தெரிந்துகொள்ள வழியில்லாதபோது மனிதர்கள் வேலையை விட்டுவிடுவதில்லை, தெரியாமலே செய்கிறார்கள்.

பொழுது சாயும் வேளையில் அவர் தோட்டத்துக் குழாயை என்னிடம் கொடுத்துவிட்டுக் காருக்குள் போய் அமர்ந்துகொண்டார். கூரையும் கண்ணாடியும் சேரும் விளிம்பில் நான் நீரைப் பீய்ச்சினேன். உள்ளே அவர் பீடிங்கின் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லத் தடவிக்கொண்டு போனார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைத் தூக்கிக் காட்டினார். உலர்ந்திருந்தது.