நகர மறுத்த முன்சீட்

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு வயது 81. ஆறடிக்கு மேல் உயரம். டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டு கராஜிலிருந்து முனகல் சத்தம் கேட்டது. விழுந்துவிட்டாரோ என்று ஓடினேன். ஒரு கால் காருக்குள், ஒரு கால் வெளியே, வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே மூச்சுவிட இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

கார், 1966-ம் வருட கேடிலாக் கூப் டிவில். இரண்டே கதவு, கப்பல் மாதிரி நீளம். நம் ஊர் அம்பாசடரில் இருந்ததே, அதே போல முன்னால் ஒரே நீள பெஞ்ச் சீட். ஆனால் இது பட்டனை அழுத்தினால் மின்சாரத்தில் நகரும் சீட். அது கடைசிவரை முன்னால் போய் அங்கேயே நின்றுவிட்டது. காரைக் கடைசியாக ஓட்டியது அவர் மனைவி. ஐந்தடி உயரம்கூட இருக்க மாட்டார் அந்த அம்மா. எனக்கும் தெரியும், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவார். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு காரின் மேல் போர்த்திய துணியை அன்றைக்குத்தான் எடுத்திருக்கிறார்.

"ஆகஸ்டில் உட்வர்டுக்குப் போகணும்" என்றார். உட்வர்ட் அவென்யூ இந்த ஊரின் மவுன்ட் ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1909-ல் ஒரு மைல் தூரத்துக்கு கான்கிரீட் போட்டுப் பார்த்த சாலை. 1995-லிருந்து ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை பழைய கார்கள் எல்லாம் அங்கே ஊர்வலம் வரும். இவர்கள் ஜோடியாகத் தவறாமல் போனவர்கள்.

சீட்டைக் கழற்றிப் பழுது பார்த்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். கழற்றுவதுதான் வம்பே. சீட் இரண்டு தண்டவாளங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. தண்டவாளத்தின் முன்முனையும் பின்முனையும் தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். பின் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டுமானால் சீட் முன்னால் போக வேண்டும். முன் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டுமானால் சீட் பின்னால் வர வேண்டும். பின்னால் வராததுதானே வியாதி? பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டின கதை.

பெரியவர் கடப்பாரையை எடுத்தார். நான் பிடுங்கி வைத்தேன். இந்த மாதிரி சமயத்தில் பலம் காட்டினால் அறுபது வருடத்துப் பல்சக்கரம் பொடியாகிவிடும். அப்புறம் சீட் எந்தப் பக்கமும் வராது.

முதலில் காது கொடுத்துக் கேட்கச் சொன்னேன். பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லையா? கோளாறு மின்சாரத்தில். 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றால் மோட்டாரைச் சந்தேகப்படலாம். மோட்டார் சுற்றுகிறது, சீட் நகரவில்லை என்றால் நடுவில் எதுவோ அறுந்திருக்கிறது, இல்லை இறுகியிருக்கிறது. எங்கள் சீட் மூன்றாவது ரகம். மோட்டார் உறுமியது, வலது பக்கம் லேசாக உதறியது, இடது பக்கம் கல் மாதிரி இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. இந்தச் சீட்டுக்கு மோட்டார் ஒன்றுதான். முன்பின் நகர்த்தவும், முன் விளிம்பை ஏற்றி இறக்கவும், பின் விளிம்பை ஏற்றி இறக்கவும் அதே மோட்டார்தான். எந்த வேலை என்பதை மூன்று சாலினாய்டுகள் தேர்ந்தெடுக்கும். அங்கிருந்து இடது தண்டவாளத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று வளையக்கூடிய கேபிள்கள் போகும். ஸ்பீடாமீட்டர் கேபிள் போல உள்ளே சுழலும் கம்பி. ஒரு பக்கக் கேபிள் போய்விட்டால் மறுபக்கம் மட்டும் இழுக்கும். நீள பெஞ்ச் கோணிக்கொண்டு தண்டவாளத்தில் சிக்கிக்கொள்ளும். ஒற்றை மாடு இழுக்கும் இரட்டை மாட்டு வண்டி.

(இதற்கும் பல வருடம் முந்தைய சில கேடிலாக்குகளில் மோட்டார் எண்ணெயை அழுத்தி சீட்டைத் தள்ளும். அந்த எண்ணெய், பிரேக் ஆயில். கசிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். அதற்கு இது எவ்வளவோ தேவலை.)

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, பின்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் குப்புறப் படுத்தேன். முன்சீட் முன்னால் போய்விட்டதால் அங்கே இடம் தாராளம். டார்ச் அடித்தால், இடது கேபிள் நடுவில் அறுந்து கிடந்தது. தண்டவாளத்துத் திருகில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருந்தது. துருநீக்கும் எண்ணெயை அடித்துவிட்டு அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அறுந்த கேபிளே கைகொடுத்தது. அதன் நல்ல முனையில் ஒரு சாண் நீளம் வெட்டி, டிரில் மெஷினில் மாட்டினேன். மறுமுனையைத் தண்டவாளத்துப் பல்சக்கரப் பெட்டிக்குள் செருகி மெதுவாகச் சுற்றினேன். சீட் முன்னால் போகப் பார்த்தது! திசையை மாற்றிச் சுற்ற, ஒரு நூல் அளவு பின்னால் வந்தது. வலது பக்கக் கேபிளையும் கழற்றிவிட்டு இடதில் பத்துச் சுற்று, வலதில் பத்துச் சுற்று. ஒரே பக்கமாகச் சுற்றினால் மறுபடி கோணிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் சீட் பின்னால் வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். பெரியவர் உட்கார இடம் கிடைத்துவிட்டது, ஓட்ட வேண்டியதுதானே என்று சொல்லியும் பார்த்தேன். "பட்டன் வேலை செய்யணும்" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

முன் போல்ட்டுகளில் ஒன்று சமர்த்தாக வந்தது. இன்னொன்று மூன்று நாள் எடுத்தது. மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அது ஷூவோடு உள்ளே வந்து, கார்ப்பெட்டில் ஊறி, போல்ட்டை அரித்துவிடும். சூடு காட்டக் கூடாது. கார்ப்பெட், ஒயர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. தினமும் எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. "ஏங்க, நம்ம வீட்டு சிங்க் ஒழுகி ஒரு மாசம் ஆச்சு, ஞாபகம் இருக்கா?" என்று என் மனைவி வாசலிலிருந்தே கேட்டுவிட்டுப் போனாள்.

போல்ட் வந்ததும் சீட்டைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அவர், அவர் பேரன், நான், என் பையன். கதவடியில் பழைய கம்பளியை விரித்து வெளியே எடுத்தோம். அடியில் சில்லறைக் காசு, ஒரு பென்சில், ஏழெட்டு ஹேர்பின். ஹேர்பின்களை அவர் மட்டும் குனிந்து பொறுக்கினார். நாங்கள் சீட்டைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தோம்.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஒரு கடையில் கேபிள் கிடைத்தது. தண்டவாளங்களைக் கழுவிப் புது கிரீஸ் தடவினோம். படிக்கிற யாராவது இதைப் பார்த்துத் தங்கள் வீட்டுக் காரில் கை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை: 1966-ல் ஏர்பேக் கிடையாது. இந்தக் காலத்து சீட்டுகளில் பக்கவாட்டு ஏர்பேக்கும், வெடித்து இறுகும் பெல்ட்டும் இருக்கலாம். அதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

சீட்டை மறுபடி பொருத்திய அன்று, பட்டனை முதலில் அவர்தான் அழுத்தினார். பின்னால் போகும் என்று பார்த்தால், முன்னால் கொண்டுபோனார். கடைசிவரை. பேரனிடம் சாக்பீஸ் வாங்கி, தண்டவாளத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு தனக்கு வேண்டிய அளவுக்குப் பின்னால் கொண்டுவந்தார்.

ஆகஸ்டில் உட்வர்டுக்குப் போனபோது பக்கத்தில் நான். பெஞ்ச் சீட் அல்லவா, அவர் பின்னால் போனால் நானும் பின்னால் போக வேண்டும். என் உயரத்துக்குக் கால் எதிலும் முட்டவில்லை, குழந்தை மாதிரி தொங்கியது. உங்கள் மனைவி இதில் எப்படித்தான் உட்கார்ந்து வந்தார் என்று கேட்டேன். சிக்னலில் வண்டி நின்றபோது பின்சீட்டுப் பக்கம் கையை நீட்டி, பூப்போட்ட தலையணை ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார்.

"முதுகுக்கு வச்சுக்கோ. அவ அப்படித்தான் வருவா."