கிரிப்டோவை வித்துப் பணம் எடுக்க ஏன் இத்தனை கேஒய்சி?

பான், செல்ஃபி, வங்கிக் கணக்கு... மறுபடியும் முதலிலிருந்தா? கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால், காரணம் டெல்லியில் இருக்கிறது.

2023 மார்ச் 7-ல் மத்திய நிதி அமைச்சகம், கிரிப்டோ தளங்களை சட்டவிரோத பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதிலிருந்து உங்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பது அவர்களின் சட்டக் கடமை. இந்தச் சட்டத்தை மீறியதாக, உலகின் மிகப்பெரிய கிரிப்டோ தளமான பைனான்ஸுக்கே 2024 ஜூனில் ரூ.18.82 கோடி அபராதம் விதித்தது நிதிப் புலனாய்வுப் பிரிவு.

சலிச்சுப்போய் டெலிகிராமில் முகம் தெரியாதவரிடம் வித்துடாதீங்க. அவர் அனுப்புவது மோசடிப் பணம் என்றால், முடங்கப்போவது உங்கள் வங்கிக் கணக்கு.

நம்ம ஊர் சிக்கல் இனிஷியல்தான்: பானில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் ஒற்றை எழுத்து. விற்பதற்கு முன்பே அதைச் சரிசெய்துடுங்க.