கண்மாய்க்கு வரும் பறவைக்கும் காவல் வேண்டும்

இந்தியாவில் நீர்ப்பறவைகளைச் சுடுவதற்கென்று அனுமதிக்கப்பட்ட மாதம் ஒன்றுகூடக் கிடையாது. ஆண்டு முழுவதும் தடைதான். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடம் கொடுத்திருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அந்த வாசலை அடைத்துவிட்டது. அதற்குப் பின் பிறந்தவர்களே இன்று பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். ஆனாலும் ஐப்பசி மழையில் கண்மாய்கள் பெருகியதும் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வேட்டைக்காலம் தானாகத் தொடங்கிவிடுகிறது. பங்குனியில் தண்ணீர் வற்றும்வரை ஓய்வதில்லை. சட்டத்தில் இல்லாத இந்தச் சீசனை மாவட்ட நிர்வாகம் முடித்துவைக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

வேட்டை எப்படி நடக்கிறது என்பது கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். நைலான் நரம்பில் சுருக்குப் போட்டு, முழ நீளக் குச்சியில் கட்டி, உள்வாயில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் சேற்றில் வரிசையாக ஊன்றிவிடுகிறார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கண்ணி கண்ணுக்கே தெரியாது. விடிகாலையில் இரை பொறுக்க இறங்கும் கொக்கும் மடையானும் உள்ளானும் காலை வைத்ததும் சுருக்கு இறுகுகிறது. இழுக்க இழுக்க நரம்பு தோலை அறுத்து எலும்பில் போய் நிற்கும். அப்படிச் சிக்கியதை உயிரோடு எடுத்து, பறந்துவிடாமல் இரண்டு இறக்கைகளையும் முதுகுப் பக்கம் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி, கால்களைச் சேர்த்துக் கட்டி, சாலையோரம் வண்டிகளை நோக்கித் தூக்கிக் காட்டுகிறார்கள். இரவில் வலை கட்டுவது, விஷம் கலந்த தானியம் தூவுவது, ஒலிபெருக்கி வைத்துக் காடைக் குரலை ஓடவிட்டுக் காடைகளை வரவழைப்பது, பொழுதுபோக்காக ஏர்கன் எடுத்துக்கொண்டு போவது என்று மற்ற வழிகளும் உண்டு.

இவை எல்லாமே குற்றம். சட்டத்தின் பார்வையில் வேட்டை என்பது சுட்டுக் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது, விரட்டுவது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் அதில் அடங்கும். இறைச்சியை வாங்குவதும் குற்றமே. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, பொதுவான குற்றங்களுக்கான அபராதத்தின் உச்சத்தை 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக உயர்த்தியது. சிறை மூன்றாண்டு வரை போகலாம். முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றாலோ, வேட்டை நடந்த இடம் சரணாலயம் என்றாலோ, குறைந்தபட்சமே மூன்றாண்டு. ஏழாண்டு வரை நீளும்.

சிக்கல் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. தாழ்ந்த அட்டவணையில் இருக்கும் ஒரு பறவையைச் சரணாலயத்தில் அடித்தால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. அதே பறவையை அடுத்த ஊர்க் கண்மாயில் அடித்தால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பறவை எல்லைக்கல் பார்த்து இறங்குவதில்லை. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் தண்ணீரும் இரையும் எங்கே இருக்கிறதோ அங்கே இறங்குகின்றன. மதுரையில் அது சாமநத்தமாக, வண்டியூராக, மாடக்குளமாக, நிலையூராக, திருப்பரங்குன்றம் தென்காலாக இருக்கும். இங்கெல்லாம் தண்ணீர் நீர்வளத் துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ சொந்தம், மீன் குத்தகைதாரருக்குச் சொந்தம், பறவை மட்டும் வனத்துறையின் பொறுப்பு. வனத்துறை ஆட்களோ மலையடிவாரத்தில் இருக்கிறார்கள். கண்மாய்க் கரையில் வனக் காவலர் ஒருவரைப் பார்த்த ஊர்க்காரர் அபூர்வம்.

ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும். அதை நாம் முழுதாக ஏற்க மாட்டோம். சோதனையிடவும் கைது செய்யவும் வனத்துறைக்கு இருக்கும் அதே அதிகாரம் காவல் உதவி ஆய்வாளருக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் இதே சட்டத்தின் 50-ஆம் பிரிவில் தரப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பெரிய கண்மாய்க்கும் பக்கத்தில் ஒரு காவல் நிலையம் இருக்கத்தான் செய்கிறது. நெடுஞ்சாலை ரோந்து வண்டி, கொக்கைத் தூக்கிக் காட்டும் ஆளைத் தினமும் கடந்துதான் போகிறது. அது தங்கள் வேலையில்லை என்ற நினைப்பை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் ஒரே ஒரு சுற்றறிக்கை மாற்றிவிடும்.

மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்பவர்கள், மதுரையிலிருந்து திருப்பத்தூர்ப் பக்கம் ஐம்பது கிலோமீட்டர் போய்வரலாம். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடியில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் முட்டையோடும் குஞ்சோடும் பறவைகள் உட்கார்ந்திருக்கும் மாதம் அது. பக்கத்து ஊரெல்லாம் வாணவேடிக்கையாக இருக்கும்போது தங்கள் பிள்ளைகளைக் கையைக் கட்டி உட்காரவைக்க எவ்வளவு மனஉறுதி வேண்டும் என்பது பெற்றோருக்குத்தான் தெரியும். பல பத்தாண்டுகளாக அதைச் செய்துவருகிறார்கள். வனத்துறை ஆண்டுதோறும் அவர்களுக்கு இனிப்பு வழங்குகிறது. அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய மரியாதையே நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வேடந்தாங்கலின் கதை இன்னும் பழையது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை கொடுத்தார். பறவை எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த உழவர்களின் அனுபவம். பறவைப் பாதுகாப்பு நகரத்துக்காரர்கள் கிளப்பிவிட்ட விஷயம் என்ற பேச்சு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. துப்பாக்கி அதிகாரத்திடம் இருந்த காலத்தில், பறவைக்காக அதிகாரத்தின் வாசலில் போய் நின்றது கிராமம்தான்.

இந்த இடத்தில் வேறொரு வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முழுத் தடை நடைமுறைக்கு ஒவ்வாது, அமெரிக்காவைப் போல இத்தனை நாள், ஆளுக்கு இத்தனை பறவை என்று வரையறுத்து, கட்டணம் வாங்கி அனுமதித்துவிட்டால் கள்ள வேட்டை குறையும், வருமானம் கண்மாய்க்கே செலவாகும் என்கிறார்கள். அங்கே அது நடப்பது உண்மை. வாத்து வேட்டைக்குப் போகிறவர் வாங்கியே தீர வேண்டிய அரசு வில்லை 1934 முதல் இருக்கிறது. அந்தப் பணத்தில் பல லட்சம் ஏக்கர் நீர்நிலைகள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு அடியில் இருப்பதையும் பார்க்க வேண்டும். 1955 முதல் ஆண்டுதோறும் வாத்துகள் குஞ்சு பொரிக்கும் முக்கிய நிலப்பரப்புகளில் விமானத்தில் பறந்து கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் வேட்டை விதிகளை எழுதுகிறார்கள். 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கும் அங்கே தடை.

நம்மிடம் வரும் பறவைகளோ மத்திய ஆசியப் பறவைத்தடத்தைச் சேர்ந்தவை. ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகள் அந்தத் தடத்தில் வருகின்றன. நாம் குளிர்காலத்தில் எண்ணுகிறோம். வடக்கே எத்தனை குஞ்சு பொரித்தது, வழியில் எத்தனை செத்தது என்ற கணக்கு நம் கையில் இல்லாமல், ஒருவர் எத்தனை வாத்து சுடலாம் என்று எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து மங்கோலியாவிலும் திபெத்திலும் பிறந்து, இமயமலையைத் தாண்டி வருகிறது. அதை நாம் மட்டும் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. இடம்பெயரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1983 முதல் உறுப்பினர். 2020 பிப்ரவரியில் அதன் மாநாட்டைக் காந்திநகரில் நடத்தியதும் நாம்தான்.

பருவமும் வரம்பும் வைத்த வேட்டை நமக்குப் புதிதும் அல்ல. 1879-இல் நீலகிரிக்கென்றே ஒரு வேட்டைச் சட்டம் வந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்கு மூடிய காலத்தை அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. அந்த விதிகளெல்லாம் இருந்த காலத்தில்தான் 1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளியது. துப்பாக்கி வைத்திருப்பவரின் வசதிக்கு எழுதப்பட்ட விதி பறவையைக் காப்பாற்றாது. கண்காணிக்க ஆளில்லாத மதுரைக் கண்மாயில் உரிமம் என்ற ஒன்று வந்தால், ஒரு உரிமத்தின் நிழலில் ஊரே சுடும். தடை தொடர வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை.

உழவர்களின் குறை வேறு. நாற்றங்காலில் நீலத்தாழைக்கோழிகள் கூட்டமாக இறங்கினால் பயிரை மிதித்தும் பிடுங்கியும் பாழாக்கிவிடும். இந்த இழப்பு உண்மையானது. அதற்கு உரிய ஈடு, அலையவிடாமல், அந்தப் போகத்துக்குள்ளேயே கைக்கு வர வேண்டும். அதைக் கொடுக்காமல் உழவரிடம் பறவைநேயம் பேசுவது நியாயமில்லை.

அடுத்தது, வழக்கு யார் மேல் விழுகிறது என்பது. நரிக்குறவர் சமுதாயத்துக்கு வேட்டைதான் தலைமுறை தலைமுறையாக வாழ்வு. சட்டம் அதை எடுத்துக்கொண்டது. மாற்றாக நிலமோ தொழிலோ கொடுக்கவில்லை. பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைக்கவே 2023 ஆகிவிட்டது. இன்றும் பறவை வேட்டை என்ற புகார் வந்தால் முதலில் தேடிப் போவது அவர்கள் குடியிருப்பைத்தான். கண்மாய்க்கு மோட்டார் சைக்கிளில் ஏர்கன்னோடு வருபவர்கள் யார், கொக்குக் கறிக்கு முன்பணம் கொடுத்து வைப்பவர்கள் யார் என்று விசாரிப்பதில்லை. நீலச்சிறகி ஒன்று அரைக் கிலோகூடத் தேறாது. இறகு களைந்தால் கையளவு கறி. பசிக்காக அதை வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. காட்டுக்கறி மூட்டுவலிக்கு நல்லது, உடம்புக்குச் சூடு என்ற நம்பிக்கையிலும் விருந்தில் பெருமை பேசவும் வாங்குகிறார்கள். பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை மதுரையில் தெருவுக்குத் தெரு சட்டப்படியே கிடைக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டுக் காடையும் கௌதாரியும் பரிமாறும் இடங்களில் திடீர்ச் சோதனை நடக்கட்டும். வாங்குகிறவர் மேல் பத்து வழக்கு பதிவானால், கண்ணி வைப்பவருக்கு அடுத்த வாரம் வேலை இருக்காது. நரிக்குறவர் இளைஞர்களைப் பருவகாலப் பறவைக் காவலர்களாகச் சம்பளத்துக்கு எடுப்பதையும் அரசு யோசிக்க வேண்டும். எந்தப் பறவை எந்த நேரத்தில் எங்கே அடையும் என்பதை அவர்களைவிட அறிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை.

மாற்றம் வராது என்ற சலிப்புக்கும் இடமில்லை. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் 2012-இல் அமூர் வல்லூறுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் வலையில் மாட்டிக் கொல்லப்பட்டதாக மதிப்பிட்டார்கள். மறு ஆண்டே அங்கே படுகொலை நின்றது; பாங்தி கிராமமே காவலுக்கு நின்றது. அருணாச்சலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியதும் ஊர் ஊராக மக்கள் முன்வந்து துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். வேட்டை பண்டிகையோடும் வாழ்க்கையோடும் கலந்த மலைநாட்டில் முடிந்தது, பெரும்பாலானோருக்கு வெறும் வாரக்கடைசி விளையாட்டாக இருக்கும் மதுரையில் முடியாதா?

சாமநத்தம் கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். கோரிக்கை நியாயமானது. அதே நேரம், சரணாலயம் என்றதும் வண்டல் எடுக்கவும் மடை திறக்கவும் தடை வருமோ என்று ஆயக்கட்டு விவசாயிகள் பயப்படுவதையும் தள்ளிவிட முடியாது. இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளூர் மக்களைக் கலந்து அறிவிக்கப்படும் பாதுகாப்புக் காப்பகம் என்ற ஏற்பாட்டில் அவர்களின் உரிமைகள் பறிபோவதில்லை. அதை நடத்தும் குழுவில் ஊராட்சிக்கும் இடம் உண்டு. நாட்டிலேயே முதல் காப்பகம் 2005 பிப்ரவரி 14 அன்று திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில் அறிவிக்கப்பட்டது. பரப்பு 2.84 ஹெக்டேர்தான். கோயிலையும் ஆற்றங்கரை மரங்களையும் சுற்றி வந்து தங்கும் பறவைகளுக்காக ஊர்மக்களே கேட்டு வாங்கியது அது. சரணாலயத்துக்குரிய கடும் தண்டனை இதில் கிடைக்காமல் போகலாம். ஆனால் காவலுக்கு ஆளும், கேள்வி கேட்க ஒரு குழுவும் கிடைக்கும். ஊரோடு சண்டை போட்டு வாங்கும் சரணாலயத்தைவிட ஊர் சேர்ந்து நடத்தும் காப்பகம் மேல் என்பது நம் கருத்து.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில் விடப்படுகிறது. மீனைக் காப்பதாகச் சொல்லிச் சில குத்தகைதாரர்கள் வெடி போட்டுப் பறவைகளை விரட்டுகிறார்கள். தண்ணீருக்கு மேல் வலை விரித்துக் கட்டுகிறார்கள். கண்ணி வைக்க வருபவரைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள், அதாவது இரவும் பகலும் கரையில் இருக்கும் ஆள், குத்தகைதாரரின் காவலாளிதான். வரும் குத்தகை ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகளை மாவட்ட ஆட்சியர் சேர்க்கட்டும்: வெடி கூடாது, மேல்வலை கூடாது, கண்ணியோ துப்பாக்கியோ கண்டால் உடனே தகவல் கொடுக்க வேண்டும். மீறினால் வைப்புத்தொகை பறிமுதல். கரையில் வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதிவைக்கட்டும். ஐப்பசிக்கு முன் வரும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வனம், காவல், நீர்வளம், மீன்வளம் என நான்கு துறை அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்தக் கண்மாய்க்கு யார் பொறுப்பு என்று பெயர் போட்ட பட்டியலை அங்கேயே வாசிக்கச் சொல்லட்டும்.