இருதய வைத்தியமும் நாணயப் பரீட்சையும்

இருதய நோய்க்குக் கத்தி வேண்டாம், ஸ்டென்ட் வேண்டாம், பயமும் வேண்டாம். கையில் ஒரு ஊசி குத்தி, முப்பது நாற்பது தடவை மருந்து நீர் ஏற்றிக் கொண்டால் ரத்தக் குழாயிலுள்ள அடைப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும் என்பதாக ஒரு வியாபாரம் உலகத்தில் சுமார் எழுபது வருஷ காலமாக நடந்து வருகின்றது. இதற்குக் கீலேஷன் சிகிச்சை என்று பெயர். அமெரிக்காவில் பிறந்த இந்தச் சரக்கு இப்பொழுது நம் நாட்டுப் பட்டணங்களிலும் விற்கப்படுகின்றது. விற்கிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை மருந்தைப் பற்றியதல்ல. "இங்கிலீஷ் டாக்டர்கள் கொள்ளையடிக்கிறார்கள், ஆகையால் எங்களிடம் வாருங்கள்" என்பதே அது.

இங்கிலீஷ் டாக்டர்களில் கொள்ளையடிக்கிறவர்களே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம். ஆனால், ஒருவன் திருடன் என்பதாலேயே அவனைத் திட்டுகின்ற மற்றொருவன் யோக்கியனாகிவிட மாட்டான் அல்லவா? ஆகவே ஊசி நீரையும் தனியாகப் பரீட்சித்துப் பார்க்க வேண்டியதுதான் நியாயம்.

முதலில் ஒரு சங்கதி. வைத்தியத்தில் நாட்டு வைத்தியம், மேல்நாட்டு வைத்தியம் என்று சண்டை போடுவது அர்த்தமற்ற சண்டையென்பது நமது அபிப்பிராயம். இருதயம் தளர்ந்து கால் வீங்கினவர்களுக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டு வந்த டிஜிட்டாலிஸ் மருந்து எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறக் கிழவி இருபதுக்கு மேற்பட்ட பச்சிலைகளைச் சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்திலிருந்து வந்தது. வில்லியம் விதரிங் என்ற டாக்டர் அத்தனை இலைகளில் வேலை செய்கிறது எது என்று தேடிப் பிடித்து, பத்து வருஷம் ரோகிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, குணமானவர்களோடு குணமாகாதவர்களையும் சேர்த்து எழுதி 1785-இல் புத்தகமாகப் போட்டார். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரும் அப்படித்தான். பம்பாயிலிருந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் அதை ரத்த அழுத்தத்திற்குக் கொடுத்துப் பார்த்த கணக்கை 1949-இல் ஒரு பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். உலகம் அதை "கறுப்பு மனிதன் வேர்" என்று தூக்கி எறியவில்லை, வாங்கி உபயோகித்தது. பிறகு அந்த மருந்தால் சிலருக்கு மனச்சோர்வு உண்டாவது தெரிந்து, அதைவிட நல்ல மருந்துகள் வந்தபோது "பழம்பெரும் வேர்" என்று கட்டிக் கொண்டு அழவும் இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை ஜப்பானில் அகிரா என்டோ என்பவர் பூஞ்சணத்தில் கண்டெடுத்த சரக்கின் வழியில் வந்தது. ஆகவே மருந்துக்கு ஜாதியும் இல்லை, தேசமும் இல்லை. பரீட்சையில் தேறினதா இல்லையா என்ற ஒரே கேள்விதான் உண்டு. மருதம்பட்டையைப் பற்றியும் நமக்கு இதே பேச்சுத்தான். சிறு சிறு சோதனைகள் நடந்திருக்கின்றன. பெரிய பரீட்சைக்கு வரட்டும், தேறினால் நாமே வாங்கிக் குடிக்கச் சொல்லுவோம்.

நிற்க, அந்தப் பரீட்சை என்பது என்ன? "எங்கள் சித்தப்பா நடக்க முடியாமல் இருந்தார், ஊசி நீர் ஏற்றினார், இப்பொழுது மாடிப்படி ஏறுகிறார்" என்று சொல்லுகின்றார்களே, அது பரீட்சை ஆகாதா என்று நமது தோழர்கள் பலர் கேட்கின்றார்கள். கோவில் உண்டியலில் வெள்ளியால் செய்த கண்ணும் காலும் வந்து விழுகின்றன. வியாதி தீர்ந்தவர்கள் போட்டவை அவை. வேண்டிக் கொண்டும் தீராமல் செத்தவன் எதைக் கொண்டு வந்து போடுவான்? உண்டியலை மட்டும் எண்ணிப் பார்த்தால் சாமி தீர்க்காத வியாதியே இல்லை என்றுதான் கணக்கு வரும். கீலேஷன்காரர்களின் நற்சாட்சிப் பத்திரங்களும் இதே உண்டியல் கணக்குத்தான். உண்டியலைப் பார்த்துச் சிரிக்கின்ற நம்மவர்களே இந்தப் பத்திரங்களைப் பார்த்து மயங்குவதுதான் நமக்கு ஆச்சரியமாயிருக்கின்றது.

அதிலும் இருதய வலி இருக்கின்றதே, அது மனிதனை ஏமாற்றுவதில் கைதேர்ந்தது. சில மாதம் கூடும், சில மாதம் தானே குறையும். "பெரிய சிகிச்சை செய்து கொண்டோம்" என்ற தைரியத்தினாலேயே பாதி வலி போய்விடும். 1950-களில் அமெரிக்காவில் மார்புக் கூட்டிலுள்ள இரண்டு ரத்தக் குழாய்களைக் கட்டிவிட்டால் இருதயத்திற்கு ரத்தம் அதிகம் போகும் என்று ஒரு ஆபரேஷன் வெகு பிரபலமாக நடந்தது. செய்து கொண்டவர்களில் பெரும்பாலோர் "வலி போயிற்று" என்றே சொன்னார்கள். சியாட்டில் நகரத்து டாக்டர்கள் 17 ரோகிகளை எடுத்துக் கொண்டு, சிலருக்குக் குழாயைக் கட்டியும், சிலருக்குத் தோலை மாத்திரம் கீறித் தைத்தும், யாருக்கு எது என்று ரோகிக்குத் தெரியாமல் வைத்து, 1959-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே மாதிரிதான் குணம் தெரிந்தது. அடுத்த வருஷம் கான்சாஸ் டாக்டர்கள் வெளியிட்ட சோதனையில், வெறும் தோல் கீறப்பட்ட 5 பேரும் தங்களுக்கு வலி குறைந்ததென்றே சொன்னார்கள். அத்தோடு அந்த ஆபரேஷன் ஒழிந்தது. இது சித்த வைத்தியமோ யுனானியோ அல்ல, கவனியுங்கள். பட்டம் பெற்ற சர்ஜன்கள் செய்த இங்கிலீஷ் ஆபரேஷன்.

ஆகவே பரீட்சை என்பது இதுதான். ரோகிகளைப் பூவா தலையா போட்டு இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கூட்டத்திற்கு மருந்து. மற்றொன்றுக்குப் பார்வைக்கு மருந்து போலவே இருக்கின்ற வெறும் சரக்கு. எது யாருக்கு என்பது கொடுக்கின்றவனுக்கும் தெரியக்கூடாது, வாங்கிக் கொள்ளுகின்றவனுக்கும் தெரியக்கூடாது. பிறகு பிழைத்தவனையும் செத்தவனையும் இரண்டு பக்கத்திலும் எண்ண வேண்டும். நாணயத்தைச் சுண்டிப் போடுவதால் மட்டுமல்ல, வைத்தியனுடைய நாணயத்தைச் சோதிப்பதாலும் இதை நாணயப் பரீட்சை என்றே சொல்லலாம்.

1988-இல் வெளியான ஒரு பெரிய பரீட்சையைச் சொல்லுகின்றோம். மாரடைப்பு வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரை வைத்து நடந்தது. ஆஸ்பிரின் பெற்றவர்களில் ஐந்து வாரத்திற்குள் ரத்தக் குழாய் சம்பந்தமாகச் செத்தவர்கள் நூற்றுக்கு 9.4, பெறாதவர்களில் 11.8. ஆஸ்பிரினோடு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தும் பெற்றவர்களில் 8. இரண்டும் பெறாதவர்களில் 13.2. அதாவது நூறு பேருக்கு ஐந்து உயிர். எந்த விரதமும் எந்த யந்திரத் தகடும் இம்மாதிரிக் கணக்கு ஒன்றைக் காட்டியதுண்டா?

இந்தப் பரீட்சை செய்தவர்கள் ஒரு வேடிக்கையும் செய்தார்கள். ஒரு பெரிய கணக்கைச் சிறு சிறு கூறாக அறுத்துப் பார்த்தால் எந்தப் பொய்யையும் அதிலிருந்து எடுத்துவிடலாம் என்பதைக் காட்டுவதற்காக, ரோகிகளை அவரவர் பிறந்த தேதிப்படி ராசிவாரியாகப் பிரித்தார்கள். என்ன வந்தது தெரியுமா? மிதுன ராசிக்காரருக்கும் துலா ராசிக்காரருக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை, சற்றுக் கெடுதல்கூடச் செய்வதாகவும், மற்ற ராசிக்காரர்களுக்கெல்லாம் அமோகமாகப் பலித்ததாகவும் கணக்கு வந்தது! நம்மூர் ஜோசியன் கையில் அது கிடைத்திருந்தால் அதற்கும் ஒரு பரிகாரம் எழுதி ஐந்நூறு ரூபாய் வாங்கியிருப்பான். அந்த டாக்டர்கள் அதைச் சிரிப்பதற்காகப் போட்டார்கள். இந்த வேடிக்கையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்; கீழே வேண்டியிருக்கின்றது.

இப்பொழுது கீலேஷனுக்கு வருவோம். ஈ.டி.டி.ஏ. என்ற அந்த மருந்து உடம்பிலேறிய ஈயத்தை வெளியேற்றுவதற்காக ஏற்பட்டது. அதற்கு அது நல்ல மருந்து. 1950-களில் ஒரு அமெரிக்க டாக்டர், இது சுண்ணாம்புச் சத்தையும் பிடித்திழுக்குமாதலால் ரத்தக் குழாயில் படிந்துள்ள சுண்ணாம்பையும் கழுவிவிடும் என்று நினைத்து இருதய ரோகிகளுக்கு ஏற்றினார். கேட்பதற்கு வெகு அழகு. தண்ணீர்க் குழாயில் ஆசிட் ஊற்றி அடைப்பு எடுப்பது போல. ஆனால் ரத்தக் குழாய் தண்ணீர்க் குழாயல்ல. கொழுப்பு குழாயின் உள்வாயில் பாசி போல ஒட்டிக் கொண்டிருப்பதல்ல. குழாயின் சுவருக்குள்ளேயே புடைத்து வளருகின்றது. ஒரு நாள் அந்தப் புடைப்பு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து வழியை அடைக்கின்றது. அதுதான் பெரும்பாலான மாரடைப்பு. உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினுக்கு வேலை இருப்பதும் அதனால்தான்.

யுக்தி தப்பானாலும் பலன் இருக்கக் கூடாதா? இருக்கலாம். அதனால்தான் அமெரிக்க சர்க்கார் ஜனங்களுடைய வரிப் பணத்தைக் கொட்டி, முன்னமே மாரடைப்பு வந்த 1,708 பேரைப் பூவா தலையா போட்டுப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் 40 தடவை ஊசி நீரோ வெறும் உப்பு நீரோ ஏற்றச் செய்தது. 2013-இல் முடிவு வந்தது. சாவு, மறு மாரடைப்பு, பக்கவாதம், ஆபரேஷன், நெஞ்சுவலிக்காக ஆஸ்பத்திரியில் சேருதல் எல்லாவற்றையும் கூட்டினால் உப்பு நீர்க்காரர்களில் நூற்றுக்கு 30, மருந்துக்காரர்களில் 26. கீலேஷன்காரர்கள் குதித்தார்கள். நடுவில் விலகிக் கொண்டவர்கள் ஏராளம் என்பதையும், அவர்களில் உப்பு நீர்ப் பக்கத்தார் அதிகம் என்பதையும் மறைத்தார்கள். அதைவிட, சர்க்கரை வியாதி உள்ள 633 பேரைத் தனியாகப் பிரித்தபோது 38-க்கு 25 என்று வந்தது. "பார்த்தாயா, சர்க்கரைக்காரர்களுக்கு இது அமிர்தம்" என்று விளம்பரம் ஆரம்பமாயிற்று.

ராசிக் கணக்கு ஞாபகமிருக்கின்றதா? ஆனால் ராசி போல, சர்க்கரை வியாதி இருதயத்திற்குச் சம்பந்தமில்லாத விஷயமல்ல. வித்தியாசமும் பெரிது. ஆகவே அந்த ஆராய்ச்சியாளர்கள் அதைச் சிரித்துத் தள்ளவும் இல்லை, நம்பிவிடவும் இல்லை. சர்க்கரை வியாதியும் மாரடைப்பும் கண்ட சுமார் 1,000 பேரை வைத்து அதே பரீட்சையை மறுபடி செய்தார்கள். 2024-இல் முடிவு வெளியாயிற்று. மருந்துக்காரர்களில் நூற்றுக்கு 35.6, உப்பு நீர்க்காரர்களில் 35.7. ரத்தத்திலிருந்த ஈயம் நூற்றுக்கு 61 பங்கு குறைந்தது வாஸ்தவம். இருதயத்திற்கு ஒன்றும் நடக்கவில்லை. பத்து வருஷ விளம்பரம் ஒரு தசமத்தில் போய்விட்டது.

"சரி, பலனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பார்கள். இந்த மருந்தில் ஒரு வகையை மாற்றி ஏற்றியதால் ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கி இருதயம் நின்று போவதுண்டு. 2003 முதல் 2005 வரையில் அமெரிக்காவில் கீலேஷன் ஏற்றிக்கொண்ட மூன்று பேர் அப்படிச் செத்ததாக அந்நாட்டு சர்க்காரே அறிவித்தது. அவர்களில் இருவர் குழந்தைகள். அவர்கள் இருதய ரோகிகளுமல்ல. அதைவிடப் பெரிய கெடுதல், ஊசி நீரை நம்பி ரத்த அழுத்த மாத்திரையையும் ஸ்டேட்டினையும் நிறுத்திவிடுவது. மாத்திரை நிறுத்தியவன் உடனே விழுவதில்லை. ஆறு மாதம் கழித்து விழுகிறான். பழி விதியின் மேல் போகின்றது, வியாபாரி தப்பித்துக் கொள்கிறான்.

இனி இங்கிலீஷ் வைத்தியத்தின் யோக்கியதையையும் சொல்லுவோம். மாரடைப்புக்குப் பின் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறினால் ஆபத்து என்று, அதை ஒழுங்குபடுத்தும் என்கைனைடு, பிளெக்கைனைடு என்ற மாத்திரைகளை டாக்டர்கள் தாராளமாகக் கொடுத்து வந்தார்கள். துடிப்பும் ஒழுங்காயிற்று. பரீட்சை வைத்தார்கள்; 1991-இல் முழுக் கணக்கு வந்தது. மாத்திரை தின்ற 755 பேரில் 63 சாவு. வெறும் மாத்திரை தின்ற 743 பேரில் 26 சாவு. துடிப்பை ஒழுங்குபடுத்தி ஆளைக் கொன்றிருக்கின்றது மருந்து! இதை வெளியிட்டது யார்? நாட்டு வைத்தியர் சங்கமா? அந்த டாக்டர்களே பரீட்சை வைத்து, அவர்களே நடுவில் நிறுத்தி, அவர்களே பத்திரிகையில் அச்சிட்டார்கள்.

ஸ்டென்ட் விஷயமும் உண்டு. மாரடைப்பு வந்து கொண்டிருக்கும் நேரத்தில் அடைப்பைத் திறப்பது உயிரைக் காக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடக்கும்போது மட்டும் வலித்து, உட்கார்ந்தால் நின்றுவிடுகிற நெஞ்சுவலிக்காரர்கள் 2,287 பேரை வைத்து 2007-இல் வெளியான பரீட்சையில், மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கு மருந்து மாத்திரம் பெற்றவர்களைவிடச் சாவோ மாரடைப்போ குறையவில்லை. வலி சிலருக்குக் குறையலாம். அதற்காக வைத்துக் கொள்ளுவது வேறு. "உடனே வைக்காவிட்டால் நாளைக்கே செத்துப் போவாய்" என்று அப்படிப்பட்டவனையும் மிரட்டி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கச் செய்கின்ற ஆஸ்பத்திரிக்கும் தகடு மந்திரித்துக் கொடுக்கின்றவனுக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை. ஒரு லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் 29,600 ரூபாய் என்று உச்ச விலை கட்டினபோதல்லவா அதுவரையில் ஏழையிடமிருந்து எவ்வளவு பிடுங்கினார்கள் என்பது வெளியாயிற்று! இந்தக் கொள்ளைதான் கீலேஷன் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கின்ற தரகன்.

இருதய நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கின்றது. ரத்த அழுத்தமும் அந்த ஜாபிதாவில் உண்டு. சட்டம் புத்தகத்தில் இருக்கின்றது; விளம்பரம் சுவரில் இருக்கின்றது. நமது தோழர்கள் அம்மாதிரி விளம்பரத்தைக் கண்டால் படம் பிடித்து, தேதியும் இடமும் குறித்து, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும்.

கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 முதல் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கொடுப்பதற்காக 14 மாத்திரைகள் வைக்க ஏற்பாடாகியிருக்கின்றது: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. காசு கிடையாது. நெஞ்சை அழுத்தி, வேர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டு விடியுமட்டும் காத்திராமல் 108-க்குச் சொல்லுங்கள். நம் ஊர் நிலையத்தில் அந்த 14 மாத்திரைகள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே போய்க் கேட்டு வையுங்கள்; இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.

கீலேஷன் கடைக்காரர்களையும் நாம் ஒன்று கேட்கின்றோம். 2013-ஆம் வருஷத்து 26-ஐயும் 30-ஐயும் உங்கள் விளம்பரத்தில் போட்டீர்கள். 2024-ஆம் வருஷத்து 35.6-ஐயும் 35.7-ஐயும் அதே அளவு எழுத்தில் உங்கள் வாசற்பலகையில் என்றைக்கு எழுதப் போகின்றீர்கள்?