எச் அழுத்தினால் தலைப்பு வர வேண்டும்

அன்புப் பிள்ளைகளே, சொந்தங்களே,

பார்வை போனபின் என்விடிஏ என்ற இலவச மென்பொருள்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறது. மவுஸ் கிடையாது. எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, கே என்றால் இணைப்பு, பி என்றால் பட்டன். நீங்கள் கண்ணை ஓடவிடுவதுபோல நான் விரலை ஓடவிடுகிறேன்.

ஆனால் பலர் தலைப்பைத் தலைப்பு என்று குறிப்பதில்லை. எழுத்தைத் தடிமனாக்கி விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அது தலைப்பு, என்விடிஏவுக்கு இன்னொரு வரி. அப்புறம் அம்புக்குறி விசையால் வரிவரியாக இறங்க வேண்டியதுதான்.

அதைக்கூடப் பொறுக்கலாம். ஒரு வங்கிப் பக்கத்தில் பட்டனுக்குப் பெயரே இல்லை, வெறும் "பட்டன்" என்கிறது. பணம் அனுப்பவா, ரத்து செய்யவா? பேரனைக் கூப்பிட வேண்டும். என் கணக்கு விவரம் அவனுக்கு எதற்கு?

கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களே (பாதிப் பேர் அங்கேதானே!), இன்று மவுஸைக் கழற்றிவிட்டு, நீங்கள் செய்த பக்கத்தில் டேப் விசையால் மட்டும் ஒரு படிவம் நிரப்பிப் பாருங்கள். எங்கே மாட்டினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.