ஃபிரண்டா, ஃபிரண்ட்ஸா?



'ஒன் ஆப் மை ஃபிரண்ட் இஸ் எ சிங்கர்' என்று சொல்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். பட்டம் வாங்கிய பெரியவர்களே நிறைய பேர் அப்படித்தான் பேசுகின்றனர். 'ஒன் ஆப் மை ஃபிரண்ட்ஸ்' என்பதே சரி.

இந்தத் தவறைச் செய்யும் பிள்ளைகளை, 'தமிழில் யோசிக்காதே. ஆங்கிலத்திலேயே யோசி' என்று சிலர் அதட்டுவதுண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாவம், தமிழ் என்ன செய்தது?

வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள்? 'என் ஃபிரண்ட்ஸ்ல ஒருத்தன் நல்லாப் பாடுவாம்மா' என்றுதானே! 'ஃபிரண்டுல ஒருத்தன்' என்று வாய் தவறிக்கூட வராது. பத்துப் பேர் இருந்தால்தான் அதில் ஒருவனைப் பிரித்துக் காட்ட முடியும். ஒருவனுக்குள்ளிருந்து ஒருவனை எப்படி எடுப்பது?

அடுத்து, 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா என்ற சந்தேகம். இதற்கும் தமிழையே கேளுங்கள். 'நண்பர்களில் ஒருவன் மதுரையில் வசிக்கிறான்' என்கிறோம், 'வசிக்கிறார்கள்' என்பதில்லை. பேச்சு அந்த ஒருவனைப் பற்றியது. எனவே, 'ஒன் ஆப் மை ஃபிரண்ட்ஸ் லிவ்ஸ் இன் மதுரை'. 'பூமி எட்டுக் கோள்களில் ஒன்று' என்பதும் இப்படித்தான். 'பிளானட்ஸ்' என்று பன்மை வர வேண்டும்.

பிறகு ஏன் தவறுகிறோம்? தமிழில் 'ஒருவன்' கடைசியில் வருகிறான். ஆங்கிலத்திலோ 'ஒன்' முதலிலேயே வந்து நின்றுகொள்கிறது. அதைக் கேட்டதும், பின்னால் வருவதும் ஒருமைதான் என்று நாக்கு முடிவு கட்டிவிடுகிறது என்பது என் கணிப்பு. சொல்லிப் பார்த்துச் சந்தேகம் வந்தால், ஒரு நொடி தமிழில் நினைத்துப் பாருங்கள். யாரும் அடிக்க மாட்டார்கள்!

'எஸ்' சேர்த்தால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 'சைல்ட்' என்பதன் பன்மை 'சில்ட்ரன்'. அதனால், 'ஒன் ஆப் தி சில்ட்ரன்'. 'சில்ட்ரன்ஸ்' என்று எழுதினால் சிவப்பு மை நிச்சயம்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் கை கொடுக்காது. 'நண்பர்களில் ஒருவன்' என்று நாம் மொட்டையாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஒன் ஆப் ஃபிரண்ட்ஸ்' என்று சொல்ல முடியாது. யாருடைய நண்பர்கள், எந்த நண்பர்கள் என்று காட்ட, நடுவில் 'மை', 'ஹிஸ்', 'தி', 'தீஸ்' என்று ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். இதை எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.