மைக் புதுசு, காது பழசு

போலீஸ் வயர்லெஸ்ஸை மாற்றினால் என்ன, இருப்பதையே சரிபண்ணி ஓட்டினால் என்ன, நமக்கு அதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. சேரிக்குத் தீ வைக்கப்படும் ராத்திரியில் அந்த மைக்கில் யார் பேசினார்கள், எத்தனை மணிக்குப் பேசினார்கள், கேட்டவர் என்ன செய்தார் என்பது நம் உயிர்க் கணக்கு. வாங்குகிற காசும் நம்முடையது.

முதலில் துட்டுச் சங்கதி. தமிழ்நாட்டுப் போலீசுக்கு டிஜிட்டல் வயர்லெஸ் வாங்க அரசு அனுமதித்தது 47.56 கோடி ரூபாய், 10,000 கருவிகளுக்கு. ஒப்பந்தம் போட்டதோ 83.45 கோடிக்கு, 4,000 கருவிகளுக்கு. இதற்கு உள்துறைச் செயலரே டி.ஜி.பி.யிடம் விளக்கம் கேட்ட கடிதம் 2018 தொடக்கத்தில் பத்திரிகைகளில் வந்து சந்தி சிரித்தது. அப்புறம் லஞ்ச ஒழிப்புத் துறை வரைக்கும் போனது. 'பழசெல்லாம் குப்பை, புதுசா வாங்கு' என்று ஒருவன் அவசரப்படுத்தினால் அவன் மடியைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சீமையிலும் இந்தக் கூத்து நடந்தது. பிரிட்டனில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை மூடிவிட்டு, செல்போன் வலைப்பின்னலுக்கு மாறப் போகிறோம் என்று 2015இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2019 கடைசியில் பழசை நிறுத்துவதாகத் திட்டம். 2023க்குள் 200 கோடி பவுண்டு கரைந்திருந்தது. மாற்றம் 2029க்குத் தள்ளிப்போனது. அதுவரைக்கும் பழைய ரேடியோவுக்கும் தண்டம் அழவேண்டும்.

நம் காட்டுக்கு எது சரி? அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று போனால் கரிசலும் கண்மாயும் சீமைக்கருவேலமும்தான். ஊருக்கும் ஊருக்கும் இடையே மைல் கணக்கில் பொட்டல். செல்போன் கோபுரம் கரண்ட் போனால் பேட்டரி தாங்கும் மட்டும்தான் உயிரோடிருக்கும். நான் வங்கியில் குமாஸ்தா. 'லிங்க் இல்லை' என்ற ஒரு வார்த்தையில் கவுண்டரே செத்துப்போவதைத் தினமும் பார்க்கிறவன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடிப் பக்கம் தொலைபேசி அறுந்து ஊர் ஊராகத் தீவானபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே ஜனங்களோடு சிக்கிக் கிடந்தது. செல்போனை மட்டும் நம்பினால் கதி இதுதான்.

ஆகவே என் கட்சி: தூக்கிப் போடாதே, மேம்படுத்து. இன்றைய டிஜிட்டல் கருவிகளில் பழைய முறை, புது முறை இரண்டிலும் பேசக்கூடியவை உண்டு. பழைய முறையில் ஒரு பேச்சு போகிற அலைவரிசையில் டிஜிட்டலில் இரண்டு போகும். ஒரு ஸ்டேஷன், அடுத்த ஸ்டேஷன் என்று படிப்படியாக மாறலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வயர்லெஸ் தூரம் போகப்போகக் கரகரக்கும், ஆனாலும் பாதி புரியும். டிஜிட்டல் எல்லை வரை தெளிவாகக் கேட்டுவிட்டு டக்கென்று அறுந்துபோகும். அதனால் மிச்சம் பிடிக்கிற காசை ரிப்பீட்டருக்கும் பேட்டரிக்கும் போடு. தீயணைப்புக்கும் 108க்கும் போலீசோடு பேச ஒரு பொதுச் சேனல் கொடு. பட்டாசு ஆலை வெடித்தால் கருகுகிறவர்கள் யாரென்று விருதுநகர் மாவட்டத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் மிஷின் பற்றி. இனி காது பற்றி.

1968 டிசம்பர் 25, வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வெந்தார்கள். போலீஸ் எல்லாம் முடிந்த பிறகு வந்தது. அந்தக் காலத்தில் தகவல் வசதி ஏது என்று சமாதானம் சொல்வார்கள். சரி, 2011 செப்டம்பர் 11க்கு வருவோம். இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் ஆறு உயிர் போனது. அன்றைக்குப் போலீஸ் கையில் வயர்லெஸ் இல்லாமலா போயிற்று? நாம் எரியும்போது எட்டாத மைக், நாம் கூடும்போது மட்டும் எட்டுகிறது. எந்த ரிப்பீட்டரை மாட்டினாலும் இந்தக் கோளாறு தீராது.

ஆனால் ஒன்று செய்யலாம். எனக்கு முந்தைய தலைமுறை வங்கியில் லெட்ஜர் எழுதியது. இப்போது நான் ஒரு வவுச்சரைத் தொட்டாலும் என் எண், நாள், மணி, நிமிஷம் கம்ப்யூட்டரில் விழுந்துவிடுகிறது. 'என்கிட்ட வரவே இல்லையே' என்று எந்த ஆபீசரும் கையை விரிக்க முடியாது. டிஜிட்டல் வயர்லெஸ்ஸையும் பதிவுக் கருவியோடு சேர்த்து வாங்கினால் இப்படித்தான். எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, என்ன பேச்சு என்று எல்லாம் பதிவாகும்.

நமக்கு வேண்டியது அதுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் 4ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறும் தலித் அல்லாத, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 வருஷம் வரை சிறை என்கிறது. அந்தப் பிரிவில் எவனாவது உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? 'தகவல் வந்ததும் கிளம்பிட்டோம்' என்று எழுதி வைத்துவிட்டால் முடிந்தது. தகவல் வந்த நிமிஷம் அவன் எழுத்தில் மட்டும் இருக்கும்வரை தாமதத்துக்குச் சாட்சி கிடையாது.

டெண்டரில் பதிவுக் கருவி கட்டாயம் இருக்கவேண்டும். வன்கொடுமை, துப்பாக்கிச் சூடு நடந்த நாளின் பதிவை அழிக்கக் கூடாது. கோர்ட்டும் விசாரணைக் கமிஷனும் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ரகசியம் என்று மழுப்புவார்கள். திருடனைப் பிடிக்கப் போகிற வண்டி எங்கே நிற்கிறது என்றா கேட்கிறோம்? செத்த பிறகு, ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்கிறோம்.

மாணவத் தோழர்கள் ஆளுக்கொரு மனு போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம். கேள்வி இரண்டே இரண்டு: நம் மாவட்டத்தில் வயர்லெஸ் பேச்சு பதிவாகிறதா? ஆகிறதென்றால் எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? வருகிற பதிலை, மறுத்தால் மறுப்பை, பத்திரப்படுத்துங்கள். அடுத்த டெண்டர் வருவதற்குள் அவை நம் கையில் இருக்கவேண்டும்.